திருச்சியைச் சுற்றியுள்ள நிலவுருக்களைத் தேடிப் படமெடுப்பது எப்படி?

நிலவியல் முதலாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: திருச்சியிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தொலைவுக்குள் பத்து நிலவுருக்களைத் தாமே படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதி வகுப்பில் ஒப்படைக்க வேண்டும், மலைக்கோட்டையைத் தவிர வேறெதுவும் தம் கண்ணில் படவில்லை, எந்த இடங்களுக்குப் போகலாம், கைபேசிக் கேமரா போதுமா? இடங்களின் பெயர்களைக் கேட்பது போலத் தோன்றினாலும், இதற்குள் இருப்பது வேறொரு கேள்வி என்று நினைக்கிறேன். நாள்தோறும் கடந்து போகும் நிலத்தில் எதை நிலவுரு என்று எண்ணுவது, எண்ணியதைப் பிறர் ஒப்புக்கொள்ளும்படி படத்தில் எப்படிக் காட்டுவது என்பதே அது. மாணவர்களைக் களத்துக்கு அழைத்துச் சென்று நிலவரைபடம் தயாரிக்கப் பயிற்றுவித்த அனுபவத்திலிருந்து இதற்கு விடை சொல்கிறேன். திருச்சியில் பத்து நிலவுருக்கள் கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். எதை விட்டுவிடுவது என்பதில்தான் உங்களுக்கு நேரம் செலவாகும்.

முதலில் ஒரு வரையறையை மனத்தில் உறுதியாகக் கொள்ளுங்கள். நிலவுரு என்பது நிலத்தின் மேற்பரப்பு பெற்றிருக்கும் ஒரு வடிவம். அந்த வடிவத்தை உண்டாக்கிய இயற்கைச் செயல்முறை ஒன்று இருக்க வேண்டும், வடிவத்துக்கு எல்லைகளும் இருக்க வேண்டும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், மாணவர்கள் வழக்கமாகச் சேர்க்கும் சில படங்கள் தாமாகவே விலகிவிடும். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் உள்ள கல்மரம் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ளது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940ஆம் ஆண்டு அதைப் பற்றி அறிவித்தார். இன்று அது தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். அது அரிய தொல்லுயிர் எச்சம் என்பதில் ஐயமில்லை, ஆனால் நிலவுரு அன்று. சாலைக்காக வெட்டப்பட்ட பாறைமுகமும், கல்லக்குடிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கமும், ஏரிக்கரையும் அப்படியே. வெட்டப்பட்ட இடங்கள் நிலத்தின் உட்புறத்தைக் காட்டுவதால் ஒரு நிலவுருவுக்குத் துணைச் சான்றாக அவற்றைப் பயன்படுத்தலாம்; ஆனால் மனிதர் வெட்டிய வடிவத்தை இயற்கையின் கணக்கில் எழுதக் கூடாது.

வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் ஓர் இரவையாவது வரைபடத்தோடு கழியுங்கள். இந்திய நிலஅளவைத் துறை வரைபடங்களின் பழைய எண்முறையில் திருச்சி நகரம் 58 ஜே தாளிலும், வடக்கே காரை, பெரம்பலூர்ப் பகுதிகள் 58 ஐ தாளிலும் வருகின்றன. அத்துறையின் 1:50,000 வரைபடங்களில், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் நெருங்கி நிற்கும் இடங்களையும், ஓடைகள் திடீரெனத் திசை மாறும் இடங்களையும் பென்சிலால் வட்டமிடுங்கள். இஸ்ரோவின் புவன் இணையதளத்தில் நிலவுருவியல் அடுக்கு ஒன்று இருக்கிறது. புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் பாறைவகை வரைபடம் கிடைக்கிறது. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், திருச்சிக்கு மேற்கிலும் தெற்கிலும் பழைமையான நைஸ், சார்னோக்கைட் முதலிய கடும்பாறைகளும், வடகிழக்கில், டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்துக் கடற்படிவுகளும், நடுவே காவிரி கொண்டுவந்த வண்டலும் இருப்பது தெரியும். உங்கள் பத்துப் படங்களும் இந்த மூன்று நிலங்களிலிருந்து வர வேண்டும். ஒரே நிலத்திலிருந்து பத்துப் படம் எடுத்தால் ஒரே செயல்முறையைப் பத்து முறை சொன்னதாகிவிடும்.

இனி மலைக்கோட்டை. 83 மீட்டர் உயரமுள்ள இக்குன்று எஞ்சிய குன்று என்ற வகையைச் சேர்ந்தது. நிலவியலில் இன்சல்பர்க் என்கிறோம். சுற்றியிருந்த பாறை நெடுங்காலம் சிதைந்து, அரிக்கப்பட்டுத் தாழ்ந்துபோக, வெடிப்புகள் குறைவாக இருந்த பகுதி மட்டும் நின்றுவிட்டது. இது உறுதியாகச் சொல்லத்தக்கது. உறுதியில்லாதது இதன் வயது. இந்தப் பாறைக்கு 380 கோடி ஆண்டு வயது என்ற செய்தி சுற்றுலாப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அதை உங்கள் விளக்கத்தில் எழுதாதீர்கள். அந்த எண்ணைச் சொல்பவர்கள் எந்தக் கனிமத்தை எந்த முறையில் கணித்தார்கள் என்று சொல்வதில்லை. தென்தமிழகத்தின் கடும்பாறைகளில் பெரும்பகுதி சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் மிகுந்த வெப்பத்தில் மீண்டும் உருமாறியவை என்பதால், ‘வயது’ என்ற சொல் எந்த நிகழ்வைக் குறிக்கிறது என்று தெளிவாகச் சொல்லாத எண்ணுக்குப் பொருளில்லை. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு: பாறையின் வயது வேறு, குன்றின் வயது வேறு. பாறை பூமியின் ஆழத்தில் உருவானது. அது குன்றாக வெளிப்பட்டு நின்றது மிகப் பிற்காலத்து நிகழ்ச்சி. மாணவர்களின் விளக்கங்களில் நான் முதலில் தேடிப் பார்ப்பது இந்த வேறுபாட்டைத்தான்.

மலைக்கோட்டையைக் காட்ட விரும்பினால் அடிவாரத்துக் கடைத்தெருவிலிருந்து எடுக்காதீர்கள். அங்கிருந்து மண்டபமும் மதிலும் மட்டுமே தெரியும். ஆற்றைக் கடந்து திருவரங்கத்தின் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய், தெற்கு நோக்கி நின்று எடுங்கள். சமதளத்தின் நடுவே குன்று தனியாக எழுந்து நிற்பது அங்கிருந்துதான் தெரியும். அந்தத் தனிமையே இன்சல்பர்க்கின் அடையாளம். காலை ஏழு மணிக்கு ஒளி கிழக்கிலிருந்து பக்கவாட்டில் விழுவதால், வளைந்த பாறைப் பரப்புகளுக்கு நிழல் கிடைக்கும். பிறகு அருகில் சென்று, பாறை அடுக்கடுக்காக உரிந்திருக்கும் இடத்தைத் தேடுங்கள். மேலிருந்த பாறையின் சுமை நீங்கும்போது உள்ளிருக்கும் பாறை விரிகிறது. அப்போது மேற்பரப்புக்கு இணையாக வெடிப்புகள் உண்டாகி, வளைந்த பலகைகளாகக் கழன்று விழுகின்றன. பாறையின் உள்ளே தெரியும் பட்டைகளின் திசையும் இந்த வெடிப்புகளின் திசையும் வெவ்வேறாக இருந்தால், அந்த ஒரே சட்டகம் உங்கள் விளக்கத்துக்கு நல்ல சான்றாகும்.

இதே வகைக் குன்றுகள் நகரைச் சுற்றி இன்னும் இருக்கின்றன. எறும்பீசுவரர் கோயில் அமர்ந்திருக்கும் திருவெறும்பூர்க் குன்று, உய்யக்கொண்டான் திருமலை, திருவெள்ளறையின் தாழ்ந்த பாறைமேடு ஆகியவற்றைச் சொல்லலாம். இவற்றை நான்கு தனி நிலவுருக்களாக எண்ணாமல், ஒன்றை முதன்மையாக வைத்து மற்றவற்றை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்துங்கள். ஏன் ஒன்று 83 மீட்டரும் மற்றொன்று அதில் ஒரு சிறு பங்குமாக நிற்கின்றன என்று கேட்டு, வெடிப்புகளின் இடைவெளியை அளந்து எழுதினால், பத்துத் தனிப் படங்களைவிட அது மதிப்புள்ளது.

உச்சிப் பிள்ளையார் கோயிலுக்கு ஏறுங்கள். திருச்சியில் நிலவுரு பார்க்க அதைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியாது. வடக்கே திரும்பி நின்றால் காவிரியும், அதற்கப்பால் திருவரங்கத் தீவும், அதற்கும் அப்பால் கொள்ளிடமும் ஒரே பார்வையில் கிடைக்கும். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்குக் கிளையான கொள்ளிடம் சரிவு மிகுந்த, தாழ்ந்த வழி. தெற்குக் கிளை காவிரி என்ற பெயரோடு தொடர்கிறது. இரண்டும் கல்லணைக்கு அருகே மீண்டும் நெருங்கி வருகின்றன. இடைப்பட்ட நிலம் ஆற்றிடைத் தீவு. இதை நிலவுருவாகத் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் விளக்கத்தில் ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. ஆறு தன் போக்கில் விடப்பட்டிருந்தால் நீர் முழுவதும் தாழ்ந்த கொள்ளிடத்தின் பக்கமே சாய்ந்திருக்கும் என்ற அச்சத்தில், ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் திட்டமிட்ட மேலணை 1836இல் முக்கொம்பில் கட்டப்பட்டது. கல்லணை அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது. ஆகவே இன்று நீங்கள் காணும் பிரிவு, இயற்கை தொடங்கி மனிதர் பிடித்து நிறுத்தியிருக்கும் பிரிவு. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிடித்து நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு அது சான்று.

ஆற்றுக்குள் இருக்கும் மணல்திட்டுகளைத்தான் நீங்கள் அதிக நேரம் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12க்கு முன், அதாவது ஏப்ரல், மே மாதங்களில், ஆறு வறண்டு கிடக்கும்போது திட்டுகளின் முழு உருவமும் வெளியே தெரியும். திட்டின் மேற்கு முனையில், நீர் முதலில் வந்து மோதிய இடத்தில், பொதுவாகப் பருமணலும் சிறுகற்களும் இருக்கும். கிழக்கே போகப் போக மணல் நுண்மையாகும். மணற்பரப்பில் அலைவரிகள் இருந்தால் அவற்றின் இரு பக்கச் சரிவுகளையும் கவனியுங்கள். மென்சரிவு நீர் வந்த திசையையும் செங்குத்தான சரிவு நீர் போன திசையையும் காட்டும். காற்று உண்டாக்கிய வரிகளும் அதே மணலில் கலந்திருக்கலாம். அவற்றின் திசை ஆற்றின் திசையோடு பொருந்தாது. இரண்டையும் ஒரே திட்டில் கண்டுபிடித்துப் படமெடுத்துவிட்டால், செயல்முறையை வடிவத்திலிருந்து படிக்கக் கற்றுக்கொண்டீர்கள் என்று பொருள். திட்டு நிலவுரு, அலைவரி அதன் மேல் நீரோ காற்றோ உண்டாக்கிய சிறு அமைப்பு. ஆகவே அலைவரியைத் தனி எண்ணாகக் கொடுக்காமல், திட்டின் அண்மைப் படமாக இணையுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆற்றுப்படுகையில் காணப்படும் ஆழமான குழிகள் எல்லாம் வெள்ளம் குடைந்தவை அல்ல. கொள்ளிடத்திலும் காவிரியிலும் பல ஆண்டுகள் மணல் அள்ளப்பட்டிருக்கிறது. அள்ளிய குழியில் நீர் தேங்கி, ஓரங்கள் சரிந்து, சில பருவங்களுக்குப் பிறகு அது இயற்கைக் குழி போலவே ஆகிவிடும். வாகனத் தடம், நேர்கோட்டு விளிம்பு, அருகே மண்மேடு ஆகியவை இருந்தால் ஐயப்படுங்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைத் திருப்பிப் பார்த்து, குழி எப்போது தோன்றியது என்று சோதியுங்கள். அப்படியும் தெளிவாகவில்லை என்றால் ‘உறுதி செய்ய இயலவில்லை’ என்று எழுதுவதே முறை. எந்த நல்ல ஆசிரியரும் அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார்.

வடகிழக்கே உள்ள கடற்படிவு நிலத்துக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூர் வரை சென்று, கிழக்கே ஊட்டத்தூர் வழியாகத் திரும்பினால், சிறிது தொலைவுக்குள் நிலம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். பாறைத்துண்டுகள் சிதறிய செம்மண் மறைந்து, பருத்திக்கு ஏற்ற கரிசல் விரிகிறது. கடும்பாறையை விட்டு, சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் புகுந்திருந்தபோது படிந்த களிமண்ணின் மேல் கால் வைத்துவிட்டீர்கள். நிலவியலாளர்கள் இதற்கு ஊட்டத்தூர்த் தொகுதி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்; உலகெங்கும் கிரிட்டேசியஸ் காலத்தைப் படிப்பவர்கள் அறிந்த பெயர் அது. அங்கிருந்து ஆலத்தூர் வட்டத்துக் காரை கிராமத்துக்கு அருகே சென்றால், அரிப்புப் பாழ்நிலம் கிடைக்கும்.

காரையில் நிலம் நூற்றுக்கணக்கான நீரோடிப் பள்ளங்களாகக் கிழிந்து கிடக்கிறது. பள்ளங்களுக்கிடையே கூரிய முகடுகள், செடி அரிதான சரிவுகள். இப்படியானதற்கான காரணங்களை வரிசையாகச் சொல்ல முடியும். களிமண் நீரை எளிதில் உள்ளே விடாது. மழைநீர் மேற்பரப்பிலேயே ஓடுகிறது. வடகிழக்குப் பருவமழை சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. கோடையில் களிமண் காய்ந்து வெடிப்பதால், அடுத்த மழைக்கு அரித்தெடுக்கத் தளர்ந்த மண் தயாராக இருக்கிறது. வேரூன்றிப் பிடிப்பதற்குச் செடியும் இல்லை. இவ்வளவும் உறுதி. மேய்ச்சலும் ஜிப்சம் என்ற கனிமத்தை முற்காலத்தில் தோண்டியதும் இந்த அரிப்பில் எவ்வளவு பங்கு வகித்தன என்பது அவ்வளவு உறுதியன்று. ஒரு புகைப்படத்தைக் கொண்டு அதைத் தீர்மானிக்கவும் முடியாது. சரிவுகளில் கண்ணாடித் துண்டுகள் போல மின்னுவது ஜிப்சம். களிமண்ணின் வெடிப்புகளில் பிற்பாடு படிந்தது. தோட்டா வடிவில் கிடப்பவை பெலம்னைட் என்ற கடலுயிரியின் எச்சங்கள். அவற்றை அளவுகோலோடு படமெடுத்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்ற செய்தி இல்லாமல் பையில் போட்டுக்கொண்டு வரும் எச்சத்தால் அறிவியலுக்குப் பயனில்லை. ஆண்டுதோறும் வரும் வகுப்புகள் அள்ளிச் சென்றதால் சரிவுகள் வெறுமையாகிக்கொண்டு வருவதைக் காண்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

காரைக்கு ஜனவரி அல்லது பிப்ரவரியில் போவது நல்லது. மழை புதிதாக வெட்டிய பள்ளங்கள் கூர்மையாக இருக்கும். களிமண்ணும் நடக்கும் அளவுக்குக் காய்ந்திருக்கும். நண்பகல் ஒளியில் இந்த நிலம் தட்டையான பழுப்புத் துணியாகத் தெரியும். சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும்தான் பள்ளங்களில் நிழல் விழுந்து ஆழம் புலப்படும். முகட்டின் மேல் நின்று ஒரு படமும், பள்ளத்துக்குள் இறங்கி மேல்நோக்கி ஒரு படமும், பள்ளத்தின் தலைப்பகுதி, அதாவது அரிப்பு இன்னும் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருக்கும் இடம், தெரியும்படி ஒரு படமும் எடுங்கள். மழை நாளில் இங்கே இறங்காதீர்கள். ஈரக் களிமண்ணில் ஏறி வெளிவருவது அரிது.

துறையூரைக் கடந்தால் பச்சைமலை. சோபனபுரத்திலிருந்து மேலே டாப் செங்காட்டுப்பட்டிக்குச் செல்லும் மலைச்சாலையில், செங்குத்தான விளிம்பும் மேலே ஓரளவு சமமான மலைப்பரப்பும், விளிம்பின் அடியில் உதிர்ந்த பாறைகளின் சரிவுக் குவியலும் கிடைக்கும். கொல்லிமலை அடிவாரத்துப் புளியஞ்சோலையில் ஓடைக்குள் உருண்டு மழுங்கிய பெருங்கற்கள் இருக்கின்றன; அவற்றையும் மலைச்சரிவின் கூர்முனைக் கற்களையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினால், நீர் சுமந்து வந்ததும் புவியீர்ப்பில் விழுந்ததும் எப்படி வேறுபடுகின்றன என்பது விளங்கிவிடும்.

கேமராவைப் பற்றிக் கேட்டீர்கள். கைபேசி போதும். ஆனால் அகலக்கோண வில்லையைத் தவிர்த்துவிடுங்கள்; அது ஓரங்களை இழுத்துச் சரிவின் கோணத்தைப் பொய்யாக்கும். எண்முறைப் பெரிதாக்கலும் வேண்டாம். கைபேசியின் கட்டக்கோடுகளை இயக்கி, அடிவானத்தை மட்டமாக வையுங்கள், ஏனெனில் சாய்ந்த படத்தில் ஆற்றுப்படுகைகூட மலைச்சரிவாகத் தெரியும். சரிவைக் காட்ட விரும்பினால் அதற்கு நேரெதிரே நிற்காமல், பக்கவாட்டுத் தோற்றம் கிடைக்கும் இடத்துக்கு நகருங்கள். ஒவ்வொரு நிலவுருவுக்கும் சுற்றுப்புறத்தோடு ஒரு தொலைவுப் படம், முழு வடிவம் நிரம்பிய ஒரு நடுத்தரப் படம், செயல்முறைக்குச் சான்றான ஓர் அண்மைப் படம் எனக் குறைந்தது மூன்று படங்கள் வேண்டும். அளவுகோல் எல்லாவற்றிலும் இருக்க வேண்டும்: தொலைவில் ஒரு மனிதர், நடுவில் ஒரு மீட்டர் குச்சி, அண்மையில் சென்டிமீட்டர் குறியிட்ட அட்டை. நிறத்தைக் கூட்டும் வடிகட்டிகளை முற்றிலும் விலக்குங்கள். செம்மண்ணின் சிவப்பும் கரிசலின் கருமையும் உங்கள் சான்றுகள். அவற்றில் கை வைக்கக் கூடாது.

படம் எடுத்த உடனே, அதே இடத்தில் நின்று, நாள், நேரம், அட்சரேகை தீர்க்கரேகை, கேமரா நோக்கிய திசை, நிலவுருவுக்கு உள்ள உத்தேசத் தொலைவு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, ஒரு கோட்டுப் படமும் வரையுங்கள். வரையும்போதுதான் கண் உண்மையில் பார்க்கிறது. புகைப்படத்தில் தவறவிட்ட வெடிப்பையும் அடுக்குகளின் எல்லையையும் பென்சில் பிடித்துவிடும். வீட்டுக்கு வந்து விளக்கம் எழுதும்போது, கண்டதை முதலிலும் கருதுவதைப் பிறகும் எழுதுங்கள். ‘கிழக்குச் சரிவு மேற்குச் சரிவைவிடச் செங்குத்தாக உள்ளது’ என்பது கண்டது. ‘நீர் மேற்கிலிருந்து ஓடியிருக்கலாம்’ என்பது கருதுவது. இரண்டும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிட்டால், படிப்பவரால் உங்களோடு உடன்படவோ மறுக்கவோ முடியாது. பாறையின் பெயரைப் படத்தை மட்டும் பார்த்து எழுதாதீர்கள். புதிய உடைமுகமும் கைவில்லையும் இல்லாமல் சார்னோக்கைட்டையும் கருநிற நைஸையும் பிரித்துச் சொல்வது அனுபவமுள்ளவர்களுக்கே கடினம். வரைபடத்தில் உள்ள பெயரை எடுத்தெழுதினால், அது வரைபடத்திலிருந்து எடுத்தது என்று குறிப்பிடுங்கள்.

இறுதியாகச் சில நடைமுறைகள். திருவெறும்பூர் போன்ற பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களில் பாறையைச் சுத்தியலால் தட்டக் கூடாது. முக்காலி வைக்க முன் அனுமதி தேவைப்படலாம். கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். அணைகளும் விமான நிலையமும் அருகில் இருப்பதால் டிரோன் எண்ணத்தை விட்டுவிடுங்கள். காரைப் பக்கத்து நிலங்களில் பலவற்றுக்கு உரிமையாளர் உண்டு. ஊரில் ஒருவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள், பெரும்பாலும் அவரே நல்ல இடத்தைக் காட்டுவார். ஆற்றுக்குள் தனியாகப் போகவே கூடாது. அணையிலிருந்து நீர் திறக்கப்படும் நாட்களில் வறண்ட கிளையில்கூட நீர்மட்டம் விரைவாக ஏறும். பழைய மணற்குழிகள் நீருக்கடியில் தெரியாது. வீட்டில் ஒருவரிடம் எந்தத் துறையில் இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குக் கரையேறுவீர்கள் என்று சொல்லிவிட்டு, தோழி ஒருவரையாவது உடன் அழைத்துக்கொண்டு போங்கள். அளவுக்காகப் படத்தில் நிற்கவும் ஒருவர் வேண்டும்.